மணியக்காரருக்குச் சர்க்கரை

ஒரு வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளாக இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நீங்கள் தப்பாகச் சொன்னாலும் திருத்துவதற்கு அந்த வீட்டில் ஆள் கிடையாது. என் அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. நான் பி.எஸ்ஸி. வேதியியல், பி.எட்., மாரண்டஹள்ளியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். மாத்திரையை எத்தனை வேளை போடுவது, செல்போனில் வந்த மெசேஜ் நிஜமா டுபாக்கூரா, எல்லாம் நான் சொல்வதுதான். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் அது கெஜட்டில் வந்த மாதிரி. அந்தத் திமிரில் ஓர் உயிரை ஏறக்குறைய மேலே அனுப்பிவிட்டேன். (மேலே என்றால் மாடிக்கு அல்ல. எங்களுடையது ஓட்டு வீடு.)

அந்த உயிரின் பெயர் மணியக்காரர். பூனை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், தக்காளி மண்டியில் காலிப் பெட்டிகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்தவரை அப்பா துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கொஞ்சம் வளர்ந்ததும் தெருவில் வீடு வீடாகப் போய் வாசலில் உட்காருவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். தனக்குச் சேரவேண்டியதை வாங்கிக்கொண்டு, நன்றி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதவராக அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். "பாரு, மணியக்காரரு வரி வசூலுக்குக் கெளம்பிட்டாரு" என்றார் அப்பா. பெயர் ஒட்டிக்கொண்டது, மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அவரை 'அது' என்று சொல்ல எங்கள் யாருக்கும் நாக்கு வராது.

அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மணியக்காரரிடம் மட்டும் பேசுவார். சாயங்காலம் மண்டியிலிருந்து வந்து கைகால் கழுவியதும் அவரை மடியில் போட்டுக்கொண்டு அன்றைய தக்காளி விலையைச் சொல்வார். விலை விழுந்த நாளில் எங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

போன வருஷம் மணியக்காரர் இளைக்க ஆரம்பித்தார். சாப்பாட்டில் குறையில்லை, முன்னைவிட அதிகமாகவே சாப்பிட்டார். ஆனால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மாட்டுத்தொட்டியில் தலையைவிட்டுத் தண்ணீர் குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். பின்னங்கால் இரண்டும் குதிகாலோடு தரையில் பதிய, வயசான ஆள் தேய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் நடந்தார். ஒருநாள் சுவரில் ஏறப் பார்த்து, முடியாமல் கீழே விழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அப்பா பார்த்துவிட்டார். அன்றைக்கு விலை சொல்லவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டலாமா கண்ணு?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

பூனையைக் கொண்டுபோக எங்களிடம் கூடை ஏது? ஒரு தக்காளிப் பெட்டிக்குள் அவரை வைத்து, இன்னொரு பெட்டியை மேலே கவிழ்த்து, கயிற்றால் கட்டி, பாலக்கோடு பஸ்ஸில் ஏறினேன். "தக்காளிக்கு லக்கேஜ் போடணும்மா" என்றார் கண்டக்டர். பெட்டிக்குள்ளிருந்து தக்காளி அவரைப் பார்த்துச் சீறியது.

பாலக்கோட்டில் கால்நடை டாக்டர் மேடத்தின் கிளினிக்கில் எனக்கு முன்னால் ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் இருந்தன. மேடம் மணியக்காரரின் காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மனிதர்களுக்குப் பார்க்கும் அதே சின்ன மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவருக்குச் சுகர்மா" என்றார். கன்றுக்குட்டிக்காரர் பின்னாலிருந்து, "பூனைக்கா? நாங்கூட எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் நிறுத்தினேன். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடவேண்டும், வாழ்நாள் முழுக்க. போடுவது நான்.

மேடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கு, அதற்குள் குத்து. முதலில் அவர் சாப்பிட வேண்டும், அப்புறம்தான் ஊசி. சாப்பிடாமல் ஊசி போனால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். தள்ளாடுவார், எச்சில் வடியும், மயங்குவார், உயிரே போகலாம். அப்படி ஆனால் உடனே சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவிவிட்டுத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

கடைசி விஷயத்தை நான் வீட்டில் சொல்லவே இல்லை. சுகர் வந்தவருக்கே சர்க்கரை என்றால் இவர்கள் குழம்பிவிடுவார்கள், நமக்குத் தெரிந்தால் போதாதா என்று நினைத்தேன். (ஆமாம். நினைத்தேன்.)

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நம்ம பரம்பரையிலேயே யாருக்கும் இல்லியேடி" என்றாள். அப்பா பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். மணியக்காரரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "பொழச்சுக்குவாரா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன்பா" என்றேன். வாய் சொன்னது. கைக்கு ஊசி பிடித்தே பழக்கமில்லை.

அன்றிரவு கத்தரிக்காயில் ஊசி போட்டுப் பழகினேன். வெறும் தண்ணீர்தான். மறுநாள் அம்மா அந்தக் கத்தரிக்காயைக் குழம்பில் போட்டுவிட்டாள். சொல்ல நினைத்தேன். அப்பா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதால் விட்டுவிட்டேன்.

கத்தரிக்காய் ஆடாது. மணியக்காரர் ஆடுவார். முதல் ஊசியின்போது எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்து, சிரிஞ்சு இரண்டு முறை நழுவியது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். (பூனை மூடவில்லை, நான்தான்.) அவருக்கு வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை, தட்டிலிருந்த வேகவைத்த கோழியை மோந்து பார்த்து, உப்பில்லை என்பதை ஒரு பார்வையில் எனக்குத் தெரிவித்துவிட்டு, எழுந்து போய்விட்டார். பிறகு வந்து சாப்பிட்டுக்கொள்வார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒவ்வொரு வேளையும் இதேதான் நடந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் என் முறை சரி என்று ஆகிவிட்டது.

ஆனால் சர்க்கரை மட்டும் குறையவே இல்லை. மறுபடி பாலக்கோடு, மறுபடி காதில் குத்து. மேடம் புருவத்தைச் சுருக்கினார்.

"வெளியில எங்கயாவது சாப்பிடறாராம்மா?"

"சான்ஸே இல்ல மேடம். நான் குடுக்கறதைத் தவிர ஒரு பருக்கைகூட வாயில வைக்கறதில்ல" என்றேன். டீச்சர் குரலில் சொன்னேன். அந்தக் குரலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மேடம் மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் கூட்டினார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மணியக்காரர் உலாவை முடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் துடைத்தார். அவருடையது வெள்ளை மீசை. அன்றைக்கு அது மஞ்சளாக இருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். கருவாட்டுக் குழம்பு!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராகத் தெருவுக்குப் போனேன். எதிர்வீட்டுக் கௌரம்மாவுக்கும் சுகர். (அவருக்கு வீட்டில் பேச்சு கன்னடம், பூனை அவருக்குப் பெக்கு.) விசாரித்ததில், தான் சாப்பிடும் கேழ்வரகுக் களியில் தினமும் ஓர் உருண்டையைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து மணியக்காரருக்கும் கொடுத்துவந்தது தெரிந்தது.

"சக்கரைக்குக் களிதானே கண்ணு நல்லது? எங்க டாக்டரே சொன்னாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. நான் மட்டும் தின்னுட்டு, பெக்கு மூஞ்சியப் பாத்துட்டு உக்காரச் சொல்றியா?"

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்காமலே ஒப்புக்கொண்டார். "வெறும் கறித்துண்டுதான்மா. சாப்பாட்டு நேரத்துல வாசல்ல வந்து நிக்கறவரைப் போன்னு எப்படிச் சொல்றது? எங்க வூட்ல அந்தப் பழக்கமில்ல." அவர் பங்கு கறியோடு நிற்கவில்லை, சேமியாப் பாயசமும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "பால்ல ஒரே ஒரு கரண்டி களி கரைச்சு... ஏழைபாழைக்குக் கூட ஊத்தறோமேடி..."

நான் தெருவின் நடுவில் நின்று பேசினேன். பள்ளியில் பிரேயரில் பேசுவதைப்போல. "இனிமே யாராவது அவர் வாயில ஒண்ணு வெச்சீங்கன்னா அவர் செத்துப்போயிடுவாரு. சர்க்கரை அவருக்கு வெசம். களி வெசம். பால் வெசம். நீங்க பாசமா குடுக்கறது எல்லாமே வெசம். அவர் செத்தா அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்!"

எனக்குப் பெருமையாக இருந்தது. படிப்பு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தெருவெல்லாம் சாப்பிட்டுவந்த ஒரு பூனைக்காகக் கூட்டிக் கூட்டி வைத்த மருந்து அது. தெருச் சாப்பாட்டை ஒரே அடியில் நிறுத்தினேன். மருந்தை அப்படியே விட்டேன். வேதியியல் படித்தவள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல கோழியை வைத்தேன். வழக்கம்போல மோந்தார், எழுந்தார். வழக்கம்போல ஊசியைப் போட்டேன். அவர் வழக்கம்போல உலாவுக்குக் கிளம்பினார்.

முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தெருவில் ஒருவரும் அவருக்கு எதுவும் போடவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. கௌரம்மா அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாராம். நூர்ஜஹான் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினை வேகமாக ஓட்டினாராம். திரும்பி வந்தவருக்குக் கோழியாவது கிடைத்திருக்கும். அதையும் அம்மா எடுத்துக் கோழிகளுக்கே போட்டுவிட்டிருந்தாள். "நீ வெச்ச நேரத்துல திங்கல. அப்புறம் தின்னா வெசமாயிடுமோன்னு பயந்துட்டேன்டி" என்றாள் பிறகு. நான் ஒரு வார்த்தை சொன்னால் அப்படித்தான் நடக்கும் எங்கள் வீட்டில்.

துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போன நான் அவரைப் பார்த்தேன். தக்காளிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குடிகாரரைப்போல் தள்ளாடிக்கொண்டிருந்தார். ஓர் அடி வைத்தார். பக்கவாட்டில் சாய்ந்தார். "மணியக்காரரே" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. (கூப்பிட்டால் திரும்புகிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை, ஆனால் காது மடலாவது அசையும்.) ஓடிப்போய்த் தூக்கினேன். ஈரத் துணியைப்போல் தொங்கினார். கடைவாயில் எச்சில் வடிந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை. பயம் வந்தால் முதுகு சில்லிடும் என்பார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"அம்மா! சக்கரை! சக்கரை எடும்மா!"

அம்மா ஓடிவந்தாள். அவரைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சக்கரையா?"

"சீக்கிரம்மா!"

"அதான் வெசம்னியேடி!"

அவரைத் தூக்கிக்கொண்டே நான் சமையலறைக்குள் ஓடினேன். சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் இல்லை. என் பேச்சைக் கேட்டுப் பயந்த அம்மா முந்தின நாளே அதை டிரங்குப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி அவள் இடுப்பில்.

சத்தம் கேட்டுக் கௌரம்மா வந்தார். "அய்யோ, பெக்குக்கு ஏனாய்து?" அம்மா அவரிடம், "சாகக் கெடக்கறவருக்குச் சக்கரை கேக்கறாக்கா இவ" என்றாள். கௌரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏ டீச்சரம்மா, உனக்குப் பித்துப் புடிச்சுதா? நேத்துதானே நடுத்தெருவுல நின்னு அத்தனை பேச்சுப் பேசுன?"

நூர்ஜஹான் அக்காவும் கழுத்தில் டேப்போடு வந்து சேர்ந்தார். "எதுக்கும் டாக்டருக்குப் போன் போட்டுக் கேளும்மா. அவசரப்பட்டுக் குடுத்துடாத."

நான் விளக்கினேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகம். "இன்சுலின் அதிகமாகும்போது ரத்தத்தில் குளுக்கோஸின் அளவு குறைந்து மூளைக்குச் செல்லும் ஆற்றல்..." மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் நகரவில்லை. மணியக்காரரின் கால் ஒருமுறை வெட்டி இழுத்தது.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். தோளில் துண்டு. என் மடியில் கிடந்தவரைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது.

"அம்மா, நான் தப்பா சொல்லிட்டேம்மா" என்று கத்தினேன். "நேத்து சொன்னது தப்பு. மருந்து குடுத்தது தப்பு. எல்லாமே நான் பண்ண தப்புதாம்மா. குடும்மா!"

அம்மாவின் முகம் வெளுத்தது. பிறந்ததிலிருந்து இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்தபோதுகூடப் பேப்பர் திருத்தியவர்மேல்தான் தப்பு.

"தப்புன்னு அவளே சொல்றாளே!" என்று அம்மா அலறினாள். "அப்ப நெசமாலுமே உசுரு போவுதுக்கா! ஓடியாங்க!"

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுப்பதற்குள் தெரு முந்திக்கொண்டது. கௌரம்மா ஓடிப்போய் வெல்லக்கட்டியைக் கொண்டுவந்தார். (சுகர்காரர் வீட்டில் வெல்லம் எப்படி வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அப்புறம் அவர் மருமகள் கேட்டாள்.) நூர்ஜஹான் அக்கா வீட்டிலிருந்து தேன் வந்தது. அம்மா டிரங்குப்பெட்டியைத் திறந்து டப்பாவோடு வந்து, அவசரத்தில் பாதியை என் தலையில் கொட்டினாள். மீதியை வெல்லத்தோடும் தேனோடும் தண்ணீரில் குழைத்து, விரலில் எடுத்து, மணியக்காரரின் ஈறில் தடவினேன். தடவிக்கொண்டே இருந்தேன். என்னென்ன சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. நூர்ஜஹான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமோ. பிறகு நாக்கு மெதுவாக அசைந்தது. காது மடல் திரும்பியது. அடுத்து, என் விரலைக் கடித்தார். நன்றாகவே கடித்தார், ரத்தம் வந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு எந்தப் பரீட்சை ரிசல்ட்டிலும் வந்ததில்லை.

நூர்ஜஹான் அக்கா வீட்டுக்காரரின் சரக்கு ஆட்டோவில் பாலக்கோட்டுக்குப் பறந்தோம். எல்லோருமே ஏறிவிட்டார்கள். மேடம் குளுக்கோஸ் ஏற்றி, ஆள் தேறியபிறகு, தேனும் வெல்லமும் ஒட்டி எறும்பு ஏறியிருந்த நோயாளியையும் சர்க்கரை ஒட்டிய என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர் வெளியில எதுவுமே சாப்பிடறதில்லன்னு சொன்னீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வாக்குமூலங்கள் வர ஆரம்பித்தன. "ஒரே ஒரு உருண்டைங்க மேடம்." "கறித்துண்டு... பெருநாளைக்குப் பாயசம்." "பால்லதாங்க கரைச்சேன்." கடைசியாக அப்பா தொண்டையைச் செருமினார். "மண்டியிலேர்ந்து வர்றப்ப தெனமும் ஒரு பன்னு வாங்கியாருவேங்க. ரெண்டு பேரும் பாதிப்பாதி."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். திட்டு முழுவதும் எனக்குத்தான் கிடைத்தது, நியாயமாகவே. அவர் நம்பியது என் வார்த்தையை. மருந்து பழைய அளவுக்கு இறங்கியது. களி, பால், பன் மூன்றுக்கும் தடை. சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் ஊசி. தெரு கொடுக்கத்தான் செய்யும் என்றால், வேகவைத்த கறியாகக் கொடுக்கட்டும், ஊசி நேரத்தில் எங்கள் வீட்டில் வந்து கொடுக்கட்டும் என்றார். அதனால் இப்போது தினமும் காலையிலும் மாலையிலும் மணியக்காரர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்க, தெரு கிண்ணத்தோடு அவரைத் தேடி வருகிறது. உப்பில்லை என்ற பார்வை எல்லோருக்கும் கிடைக்கிறது. சுவர் ஏற இன்னும் முடியவில்லை, ஆனால் உடம்பு கொஞ்சம் பிடித்திருக்கிறது. அப்பா விலை சொல்கிறார்.

பயம் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. மணியக்காரர் மதியம் தூங்கும்போது யாராவது ஒருவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். போகப்போக அது மனிதர்களுக்கும் பரவிவிட்டது. முதல் கூப்பாட்டுக்கு யாராவது பதில் சொல்லவில்லை என்றால் சர்க்கரை டப்பாவோடு வந்துவிடுவார்கள். சீரியல் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்த அம்மாவுக்கு நான் தடவினேன். ஊரிலிருந்து வந்த மாமா வாயைத் திறந்துகொண்டு குறட்டைவிட்டபோது அம்மா ஒரு கரண்டியே போட்டுவிட்டாள். அவர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டேதான் தூங்குகிறார்.

போன மாதம் பரீட்சைப் பேப்பர்களைத் திருத்திக் களைத்து, மதியம் அப்படியே தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது உதடெல்லாம் இனித்தது. தலைமாட்டில் அப்பா குந்தியிருந்தார், கையில் டப்பா, விரல் நுனியில் சர்க்கரை.

"ரெண்டு வாட்டி கூப்பிட்டேன் கண்ணு. எந்திரிக்கல" என்றார். சிரிக்கவில்லை.

ஒன்றுமில்லைப்பா, வெறும் தூக்கம்தான், எனக்கெல்லாம் அப்படி ஆகாது என்று விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் விரலைப் பார்த்தேன். லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

உதட்டை நக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வைங்கப்பா" என்றேன்.